லேப்டாப் போச்சு, டேட்டா பிழைச்சது! – ஃபைனல் இயர்ல நான் கத்துக்கிட்ட டிஜிட்டல் பாடங்கள்



"காலேஜ் பசங்களுக்குத் தேவையான டிஜிட்டல் ஸ்கில்ஸ் பத்தி ஒரு கட்டுரை எழுதிக் கொடு"ன்னு எடிட்டர் டீம் கேட்டாங்க. போன டிசம்பர்ல கேட்டிருந்தா சிரிச்சிருப்பேன். எட்டாவது படிக்கும்போதே கையில ஃபோன், பதினொண்ணாவதுல லேப்டாப், இங்கிலீஷ் மீடியம் வேற. நமக்குத் தெரியாத டிஜிட்டலா? அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். பிப்ரவரி மாசம் ஒரு காலையில என் லேப்டாப் ஆன் ஆகலை. அன்னிக்குத்தான் எனக்கு ஃபோன் நோண்டத் தெரியும், டிஜிட்டல் ஸ்கில் தெரியாதுங்கிறது புரிஞ்சது.

முதல்ல அந்தக் கதையைச் சொல்றேன். பாடம் எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு.

என்ன நடந்தது?

நாங்க நாலு பேர் டீம். மண்ணோட ஈரத்தை அளந்து, தேவைப்படும்போது மட்டும் மோட்டாரை ஆன் பண்ற ஒரு சின்ன சிஸ்டம்தான் எங்க ப்ராஜெக்ட். டீம்ல ஒருத்தனோட சித்தப்பாவுக்குச் சத்தியமங்கலம் பக்கம் வாழைத் தோட்டம். அங்கே சென்சாரை நட்டு வெச்சோம். 15 நிமிஷத்துக்கு ஒரு ரீடிங், ஒரு நாளைக்கு 96. நாப்பத்தஞ்சு நாள்ல 4320 ரீடிங். எல்லாம் அங்கேயே ஒரு மெமரி கார்டுல பதிவாகும். நண்பன் ஊருக்குப் போகும்போது கார்டை எடுத்துட்டு வருவான், நான் லேப்டாப்ல காப்பி பண்ணிட்டுக் கார்டை ஃபார்மட் பண்ணித் திருப்பிக் கொடுப்பேன். "கார்டு நிறைஞ்சிடும்டா, அழிச்சிடலாம்"னு சொன்ன புத்திசாலி நானேதான்.

செகண்ட் ரிவ்யூவுக்குப் பதினஞ்சு நாள் இருக்கும்போது லேப்டாப் போச்சு. சர்வீஸ் கடை அண்ணா திறந்து பார்த்துட்டு, "எஸ்எஸ்டி செத்துடுச்சு தம்பி. டேட்டா எடுக்க வெளியூருக்கு அனுப்பணும். செலவு ஆகும், கிடைக்கும்னு கேரண்டி கிடையாது"ன்னார். நாலு பேரோட ஒன்றரை மாச வேலை உள்ளே இருந்தது. கோட் போனா திரும்ப எழுதலாம். ஆனா டிசம்பர் 20 ராத்திரி அந்த மண்ணுல எவ்வளவு ஈரம் இருந்ததுங்கிறதை இனிமே யாராலயும் அளக்க முடியாது.

டீம்ல ஒரு தோழி இருக்கா. கவர்மெண்ட் ஸ்கூல், தமிழ் மீடியம். சொந்தமா லேப்டாப் கிடையாது. ஃபர்ஸ்ட் இயர் லேப்ல, "மெயில்ல ஃபைல் எப்படி இணைக்கிறது?"ன்னு அவ என்கிட்ட கேட்டா. நான் சொல்லிக் கொடுத்தேன், ஆனா பக்கத்துல இருந்தவனைப் பார்த்து ஒரு சிரிப்பும் சிரிச்சேன். அதை அவ கவனிச்சா. அது எனக்கும் தெரியும்.

லேப்டாப் போன விஷயத்தைச் சொன்னப்போ, "என்கிட்ட இருக்கே"ன்னு அவதான் சொன்னா. கிராஃப் போடற வேலை அவளோடது. நம்ம லேப் சிஸ்டத்தை ரீஸ்டார்ட் பண்ணா சேவ் பண்ணினது எல்லாம் அழிஞ்சிடும், உங்களுக்கே தெரியும். அதனால ஃபர்ஸ்ட் இயர்லேர்ந்தே சாயங்காலம் லேப்பை விட்டுக் கிளம்பும் முன்னாடி அன்னன்னிக்கு வேலையை டிரைவ்ல ஏத்திடுவா. தேதி போட்ட ஃபோல்டர், உள்ளே சுத்தமான ஃபைல்கள். நான் கொடுத்த 36 நாள் டேட்டாவும் அப்படியே இருந்தது. கடைசி 9 நாள் மட்டும் இல்லை. ஏன்னா அதை நான் "அப்புறம் அனுப்பறேன்"னு சொல்லி அனுப்பவே இல்லை.

சொந்தமா லேப்டாப் இல்லாதவதான் லேப்டாப் வெச்சிருந்த மூணு பேரையும் காப்பாத்தினா. டிஜிட்டல் ஸ்கில்ங்கிறது கையில என்ன கருவி இருக்குங்கிறது இல்லை, தினமும் என்ன பழக்கம் இருக்குங்கிறதுதான். இனி ஒவ்வொரு பழக்கமா பார்ப்போம்.

பழக்கம் 1: மூணு – ரெண்டு – ஒண்ணு

பேக்கப்புக்கு ஒரு எளிய விதி இருக்கு. முக்கியமான எதுக்கும் மூணு நகல், ரெண்டு வேறவேற வகைக் கருவியில, அதுல ஒண்ணு வேற இடத்துல. நமக்கு ஏத்த மாதிரி சொன்னா: லேப்டாப்ல ஒண்ணு, பென்டிரைவ்லயோ ஹார்டுடிஸ்க்லயோ ஒண்ணு, கூகுள் டிரைவ் மாதிரி இடத்துல ஒண்ணு. லேப்டாப்பும் பென்டிரைவும் ஒரே பையில இருந்தா, பஸ்ல பை போனா ரெண்டும் போச்சு. மூணாவது நகல் அதுக்குத்தான்.

இது நமக்கு மட்டும் நடக்கிறது இல்லை. 1998ல பிக்ஸார் நிறுவனத்துல 'டாய் ஸ்டோரி 2' படத்தோட ஃபைல்கள் ஒரு தப்பான கமாண்டால அழிய ஆரம்பிச்சது. பேக்கப்பை எடுத்துப் பார்த்தா, அது சரியா வேலை செய்யவே இல்லை. கேலின் சஸ்மன் என்கிற டெக்னிக்கல் டைரக்டர் அப்போ கைக்குழந்தையோட இருந்ததால வீட்லேர்ந்து வேலை பார்த்தாங்க. அவங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஒரு நகல் இருந்தது. அதைப் போர்வையில சுத்திக் கார்ல வெச்சுக் கொண்டு வந்தாங்க. படம் 1999ல வெளியாச்சு. பேக்கப் எடுத்தா மட்டும் போதாது, அப்பப்போ திறந்து பார்க்கணுங்கிறதும் இதுல இருக்கிற பாடம்.

இலவச கூகுள் கணக்குல 15 ஜிபி கிடைக்கும். மெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூணுக்கும் சேர்த்துத்தான் அந்த 15. ரிப்போர்ட், கோட், டேட்டாவுக்குத் தாராளமா போதும். கல்ச்சுரல்ஸ் வீடியோ எல்லாம் ஏத்தி நிரப்பினா மெயில் வர்றதே நின்னு போயிடும், ஜாக்கிரதை.

இன்னொண்ணு. வாட்ஸ்அப் பேக்கப் இல்லை. அதுல சாதாரணமா அனுப்பற படம் தரம் குறைஞ்சு போகும். சர்க்யூட் படம், கிராஃப் மாதிரி அனுப்பியே ஆகணும்னா 'டாக்குமெண்ட்'டா அனுப்புங்க.

பழக்கம் 2: ஃபைலுக்கு ஒழுங்கா பேர் வைக்கிறது

'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஃபைனல் ஒரிஜினல்', 'இதுதான் ஃபைனல்'. இந்த நாலு ஃபைலும் உங்க டெஸ்க்டாப்ல இருக்கா? என்கிட்ட இருந்தது. ரிவ்யூ அன்னிக்கு எது கடைசின்னு எனக்கே தெரியாது.

தோழி வெச்சிருந்த முறை இதுதான்: முதல்ல வருஷம், அப்புறம் மாசம், அப்புறம் நாள், அப்புறம் விஷயம். உதாரணமா '2025-02-14_ரிவ்யூ2_பிபிடி'. வருஷம் முன்னாடி வர்றதால பேர் வரிசையில அடுக்கினாலே தேதி வரிசையில நிக்கும். நாளை முன்னாடி போட்டா பிப்ரவரி 14ம் மார்ச் 14ம் பக்கத்துல பக்கத்துல வந்து குழப்பும்.

கோட் எழுதறவங்களுக்கு இது பத்தாது, கிட் கத்துக்கணும். லினக்ஸை உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ல எழுதின மென்பொருள் அது. யார், எப்போ, எந்த வரியை மாத்தினாங்கன்னு எல்லாத்தையும் ஞாபகம் வெச்சிருக்கும். நேத்து ஓடின கோட் இன்னிக்கு ஓடலைன்னா நேத்தைக்கே திரும்பிப் போகலாம். எங்க ப்ராஜெக்ட் கோட் என் லேப்டாப்ல மட்டும்தான் இருந்தது. "போர்டுலதான் ஏத்தியிருக்கோமே, அதுலேர்ந்து எடுத்துக்கலாம்"னு ஒருத்தன் சொன்னான். முடியாது. போர்டுல இருக்கிறது மெஷினுக்குப் புரியற வடிவம், நாம எழுதின கோட் அதுலேர்ந்து அப்படியே திரும்பி வராது. ஆறு ராத்திரி உட்கார்ந்து திரும்ப எழுதினோம். கிட்டோட அடிப்படைக் கமாண்டுகளைக் கத்துக்க ஒரு சனிக்கிழமை போதும்.

ஒரு எச்சரிக்கை: கிட்ஹப்ல எல்லாருக்கும் தெரியற மாதிரி கோடைப் போடும் முன்னாடி, உள்ளே வைஃபை பாஸ்வேர்டு, ஏபிஐ கீ ஏதாவது இருக்கான்னு பாருங்க. அடுத்த தடவை அழிச்சாலும் பழைய பதிவுல அது இருந்துக்கிட்டேதான் இருக்கும்.

பழக்கம் 3: எக்செலைச் சந்தேகப்படறது

எக்செல் எல்லாருக்கும் தெரியும்னு நினைக்கிறோம். எங்க டேட்டாவைத் திறந்தப்போ கிராஃப் பைத்தியம் பிடிச்ச மாதிரி வந்தது. காரணம் ரொம்பச் சின்னது. சென்சார் நாளை முதல்ல, மாசத்தை ரெண்டாவதா எழுதியிருந்தது. அந்தக் கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில செட் ஆகியிருந்ததால மாசத்தை முதல்ல எதிர்பார்த்தது. அதனால ஜனவரி 5 மே 1 ஆயிடுச்சு. 12க்கு மேல மாசம் கிடையாதே, அதனால 13லேர்ந்து வர்ற தேதியையெல்லாம் தேதியாவே எடுத்துக்காம வெறும் எழுத்தா விட்டுடுச்சு.

விஞ்ஞானிகளுக்கே இந்தக் கதிதான். மார்ச்1, செப்ட்1னு பேர் உள்ள ஜீன்களை எக்செல் தேதின்னு நினைச்சு மாத்திக்கிட்டே இருந்ததால, கடைசியில 2020ல ஜீன்களுக்குப் பேர் வைக்கிற குழுவே விதிமுறையை வெளியிட்டு அந்தப் பேர்களையே மாத்திட்டாங்க.

அதே 2020ல இங்கிலாந்துல இன்னும் பெரிய சம்பவம். செப்டம்பர் 25லேர்ந்து அக்டோபர் 2 வரை 15,841 கொரோனா தொற்றுகள் அரசாங்கத்தோட தினசரிக் கணக்குல சேராமலே போச்சு. லேப் முடிவுகளை எக்செலோட பழைய ஃபைல் வடிவத்துல ஏத்தியிருந்தாங்க. அதுல ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிசைதான். அதுக்கு மேல வந்தது எல்லாம் விழுந்துடுச்சு. அந்த நோயாளிகளோட பழகினவங்களைத் தேடிப் பிடிச்சு எச்சரிக்கிற வேலையும் தாமதமாச்சு. புது வடிவத்துல 10,48,576 வரிசை வரைக்கும் போகும்.

நாம செய்ய வேண்டியது மூணு. ஒண்ணு, சென்சார்லேர்ந்து வந்த மூல ஃபைலைத் தொடவே கூடாது, நகல் எடுத்து அதுலதான் வேலை. ரெண்டு, திறந்ததும் வரிசை எண்ணிக்கை சரியான்னு எண்ணுங்க. ஒரு நாளைக்கு 96 வரணும், 95 வந்தா ஏன்னு கேளுங்க. மூணு, முதல் பத்து வரி, கடைசி பத்து வரியைக் கண்ணால பாருங்க.

பழக்கம் 4: தேடறதும் சரிபார்க்கிறதும்

கூகுள்ல முழுக் கேள்வியையும் டைப் பண்ணி முதல் லிங்க்கைத் திறக்கிறது தேடல் இல்லை. ரெண்டு மேற்கோள் குறிக்குள்ள ஒரு தொடரைப் போட்டா அந்தத் தொடர் அப்படியே இருக்கிற பக்கங்கள் வரும். எரர் மெசேஜைத் தேட இதுதான் வழி. வேண்டாத சொல்லுக்கு முன்னாடி ஒட்டி ஒரு மைனஸ் குறி போட்டா அது இல்லாத பக்கங்கள் வரும். ஆராய்ச்சிக் கட்டுரைக்குக் கூகுள் ஸ்காலர் போங்க. ஒரு நல்ல பேப்பர் கிடைச்சா அதுக்குக் கீழே, அதை மேற்கோள் காட்டின பேப்பர்களோட பட்டியல் இருக்கும். அதுலேர்ந்து புதுசா வந்ததைப் பிடிக்கலாம். பாடத்துக்கு ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்துற என்பிடிஇஎல் வீடியோக்கள் இலவசம்.

இப்போ ஏஐ. மறைக்க வேண்டியதில்லை, எல்லாரும் பயன்படுத்துறோம். லிட்ரேச்சர் சர்வேக்கு நானும் ஒரு சாட்பாட்கிட்ட அஞ்சு பேப்பர் கேட்டேன். அழகா தலைப்பு, ஆசிரியர், வருஷம் எல்லாம் போட்டுக் கொடுத்தது. கைடு மேடம் பட்டியலைப் பார்த்துட்டு, "மூணாவது பேப்பரைத் திறந்து காட்டுப்பா"ன்னாங்க. திறக்கலை. அப்படி ஒரு பேப்பரே கிடையாது. நாலாவதும் அதே கதை. அந்த மெஷினுக்கு உண்மை, பொய்ங்கிற கணக்கு கிடையாது. அடுத்து வரக்கூடிய சொல் எதுன்னுதான் அது கணக்குப் போடுது. அதனால இல்லாத பேப்பரும் இருக்கிற மாதிரியே வரும்.

அதனால என் விதி: ஏஐ சொன்ன எந்தப் பேப்பரையும் நான் திறந்து, சுருக்கமாவது படிக்காம ரிப்போர்ட்ல சேர்க்க மாட்டேன். ஆனா புரியாத எரரை விளக்கச் சொல்லவும், வைவாவுக்கு முன்னாடி "என்னைக் கேள்வி கேளு"ன்னு சொல்லவும் அது நல்ல துணை. நமக்குப் பதிலா யோசிக்கச் சொன்னா வைவால மாட்டுவோம்.

பழக்கம் 5: மெயில்

"சார் பிஎஃப்ஏ"ன்னு ஒரு வரி, சப்ஜெக்ட் காலி, அட்டாச்மெண்ட் மறந்து போச்சு. இப்படி அனுப்பாதவங்க யாரும் இல்லை. சப்ஜெக்ட்ல என்ன விஷயம்னு எழுதுங்க. முதல் வரியில நீங்க யார், எந்த வருஷம், எந்தத் துறை. ரெண்டாவது வரியில என்ன வேணும், எப்போக்குள்ள வேணும். அவ்வளவுதான். முதல்ல ஃபைலை இணைச்சுட்டு, கடைசியில முகவரியைப் போட்டா மறதி வராது. ஜிமெயில் செட்டிங்ஸ்ல, அனுப்பினதைத் திரும்பப் பெறும் நேரத்தை 30 விநாடின்னு மாத்தி வெச்சுக்கோங்க. என்னை ரெண்டு தடவை காப்பாத்தியிருக்கு.

டிரைவ் லிங்க் அனுப்பினா, மெயில் போறதுக்கு முன்னாடி அதை இன்காக்னிட்டோ விண்டோல திறந்து பாருங்க. 'அனுமதி கேளுங்கள்'னு வந்தா உங்க சாருக்கும் அதேதான் வரும். அவர் அனுமதி கேட்டு, நீங்க தூங்கி, கடைசித் தேதி போயிடும். ஆனா அவசரத்துக்குன்னு 'லிங்க் உள்ள எவரும்'னு திறந்துவிட்டா, மறுபடி மூட மறக்காதீங்க.

பழக்கம் 6: கணக்கைப் பூட்டறது

மேல சொன்ன எல்லாமே உங்க மெயில் கணக்குக்குள்ளதான் இருக்கு. அது போனா எல்லாம் போச்சு. பாஸ்வேர்டு நீளமா இருக்கணும், ஒரு இடத்துல போட்டதை இன்னொரு இடத்துல போடக் கூடாது, டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் ஆன்ல இருக்கணும். லேப் சிஸ்டத்துல உள்ளே போனா வெளியே வர மறக்கக் கூடாது.

ப்ளேஸ்மெண்ட் சீசன்ல இன்னொரு தொல்லை. "இன்டர்ன்ஷிப் உறுதி, ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணம் மட்டும் கட்டுங்க"ன்னு மெசேஜ் வரும். வேலை கொடுக்கிறவன் நம்மகிட்டே காசு கேட்டாலே நின்னு யோசிங்க. "உங்களுக்குப் பணம் அனுப்பறோம், யூபிஐ பின் போடுங்க"ன்னா அது திருட்டுதான். பணம் வாங்கறதுக்குப் பின் தேவையே இல்லை. ஏமாந்துட்டா வெட்கப்பட்டு மறைக்காம உடனே 1930க்கு ஃபோன் பண்ணுங்க. சீக்கிரம் சொன்னாத்தான் பணத்தை நடுவுல நிறுத்த வாய்ப்பு அதிகம்.

ஃபைனல் இயர் நண்பர்களே, ஒரு முக்கியமான விஷயம். காலேஜ் கொடுத்த மெயில் ஐடி படிப்பு முடிஞ்ச பிறகும் நிலைக்கும்னு நம்பி இருக்காதீங்க. அதுல இருக்கிற ப்ராஜெக்ட், சர்டிஃபிகேட் எல்லாத்தையும் இப்பவே சொந்தக் கணக்குக்கு மாத்திடுங்க.

அந்த 9 நாள்

கதையில ஒரு பாக்கி இருக்கு. 36 நாள் டேட்டா கிடைச்சது, 9 நாள் போச்சு. "முந்தின வாரத்து எண்ணையே கொஞ்சம் மாத்திப் போட்டுடலாம்டா, யாருக்குத் தெரியப் போகுது?"ன்னு டீம்ல ஒரு குரல் வந்தது. உண்மையைச் சொல்லணும்னா அந்தக் குரல் என்னோடது. எக்செல்ல இழுத்துவிட்டா ஒரு நிமிஷ வேலை.

தோழிதான் வேண்டாம்னா. "அந்தத் தோட்டத்துல இதை நம்பி மோட்டாரை ஓட்டப் போறாங்க. நாம பார்க்காததைப் பார்த்தோம்னு எப்படி எழுதறது?"ன்னு கேட்டா. எனக்குப் பதில் வரலை.

ரிப்போர்ட்ல 36 நாள்னே எழுதினோம். மீதி 9 நாள் எப்படிப் போச்சுங்கிறதையும் ஒரு பத்தி எழுதினோம். ரிவ்யூல அதைப் படிச்சதும் மேடம், "இதுக்கு யார் பொறுப்பு?"ன்னு கேட்டாங்க. நான் கையைத் தூக்கினேன். மார்க் கொஞ்சம் குறைஞ்சது. ஆனா 36 நாள்ல எந்த எண்ணைக் கேட்டாலும், அது எந்த ஃபைல்ல, எந்த வரியில இருக்குன்னு எங்களால காட்ட முடிஞ்சது.

அன்னிக்குச் சாயங்காலம் கேன்டீன்ல, அவகிட்ட அந்த ஃபர்ஸ்ட் இயர் சிரிப்புக்கு ஸாரி சொன்னேன். "ஞாபகம் இருக்கு. டீ வாங்கிக் கொடு"ன்னா. வாங்கிக் கொடுத்தேன்.

இன்னிக்கு ராத்திரி உங்களுக்கு இருபது நிமிஷ வேலை. உங்க ப்ராஜெக்ட் ஃபோல்டரைத் திறங்க. இந்த லேப்டாப் நாளைக்குக் காலையில ஆன் ஆகலைன்னா இதுல எது போகும்னு ஒரு தாள்ல எழுதுங்க. அந்தப் பட்டியல்ல இருக்கிறதை வேற ரெண்டு இடத்துல வைங்க. அப்புறம் நிம்மதியா தூங்குங்க.